சாய்ந்து நின்ற வண்டிக்கு எண்ணெய் மாற்றியது

முதல் அநியாயம் வேலி. எழுபத்தொன்றாம் வருடத்து மழைக்காலத்தில், சிப்பிமேட்டு ஜனங்கள் தாங்களே பாத்தி கட்டி உப்பு வாரிக்கொண்டிருந்த புறம்போக்குக்குள் கம்பெனியின் முள்கம்பி நானூறு அடி நடந்து வந்து நின்றது. இரண்டாவது, அந்த வேலியை அளக்க வந்த சர்வேயர் சங்கிலியின் ஒரு முனையைக் கம்பெனி கணக்கப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை ஊர்க்காரர் யார் கையிலும் கொடுக்காதது. மூன்றாவது, அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தத்தை, அறுபத்தோராம் நாள் மத்தியானம், நகரத்துத் தலைவர்கள் ஃபேன் சுற்றும் அறையில் காபி குடித்தபடி கையெழுத்துப் போட்டு முடித்தது. நான்காவது, சங்கத்தின் பிரச்சார வண்டியைப் போலீஸ் கொண்டுபோய் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் இரண்டு வருடம் காயப்போட்டு, ஹாரனும் பாட்டரியும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தது. ஐந்தாவது, சங்கம் இரண்டாக உடைந்து, கொடி பிரிந்துபோனவர்களுக்கும் வண்டி தலைவர் நயினாருக்குமாகப் போனது. ஆறாவது, கம்பெனி அவர் குடியிருந்த லைன் வீட்டைக் காலிசெய்து சட்டிபானையை வெயிலில் வைத்தது.

நயினார் இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றமாட்டார். யாராவது நான்காவதை மூன்றாவதுக்கு முன்னால் சொல்லிவிட்டால், வரிசை தப்பினால் அநியாயம் பாதியாகிவிடும் என்று நிறுத்தி, வேலியிலிருந்து மறுபடி தொடங்குவார். ஆறுக்கும் மனு உண்டு, துண்டறிக்கை உண்டு, எதிராளியின் பெயரும் பதவியும் உண்டு. ஏழாவதை மட்டும் எந்த அதிகாரிக்கு எழுதுவது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை, ஏனென்றால் அது அவருடைய சொந்த வண்டிக்குள்ளிருந்து வந்தது, அதைக் கையில் வாங்கிக்கொண்டவர்கள் அவருடைய சொந்த ஜனங்கள்.

அந்த வண்டி, உப்பளத் தொழிலாளர்கள் ஏலத்தில் எடுத்த பழைய டீசல் வேன். உள்ளே தச்சர்கள் ரயில்பெட்டி மாதிரி மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, அடுப்புக்கு ஒரு மேடை, தண்ணீருக்குத் தகரத் தொட்டி, துண்டறிக்கைகள் நனையாமல் வைக்க ஒரு அலமாரி எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள், ஏனென்றால் அளம் அளமாகப் போய் வாரக்கணக்கில் தங்கிப் பேச வேண்டியிருந்தது. ஆறாவது அநியாயத்துக்குப் பிறகு அதுவே வீடாயிற்று. ஊருக்கு மேற்கே, ஒரு மண்மேட்டில் இடது முன்சக்கரம் ஏறியபடி, ஒரு தோள் உயர்ந்த மனுஷனைப்போல அது ஆறு வருடமாகச் சாய்ந்து நின்றது. நயினார் ஞாயிறுதோறும் இன்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். அவர் மனைவி அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி அடுப்பின் ஒரு காலுக்கு ஓட்டுத்துண்டு வைத்துச் சோறு வடிப்பாள். அவளை ஊர் வேன்காரம்மா என்றது. அவள் கணவரைத் தோழர் என்றாள், முதலில் கொள்கைக்காக, பிறகு கேலிக்காக, அப்புறம் பழகிவிட்டதால்.

தை மாதத்தில், மறுபடி அளங்களைச் சுற்றி வரலாம் என்று முடிவுசெய்த நயினார், எண்ணெய் மாற்றத் தொம்மை மெக்கானிக்கை வரச்சொன்னார். தொம்மை எந்த மெக்கானிக்கும் செய்வதுபோல எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவிப் பார்த்தான். குச்சியில் இரண்டு கோடு இருக்கும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நின்றது. அளவு சரிதான், கீல் மாதிரி கறுத்துப்போய்விட்டது என்றான். தன் கண்ணால் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ளாத நயினார் குச்சியை வாங்கித் துடைத்து, உள்ளே விட்டு உருவினார். எண்ணெய் மேல்கோட்டுக்கும் ஒரு விரல் மேலே நின்றது. தொம்மை மறுபடி உருவினான், நடுவில் நின்றது. நயினார் உருவினார், மேலே ஏறியது. கதவு நிலையில் கரையானுக்கு அடிக்கவும் நாயின் சொறிக்குப் பூசவும் கழிவு எண்ணெய் வாங்கிப்போகத் தூக்குவாளியோடு நின்ற செல்லக்கனி, உப்பு சுமக்கும் பெண்களுக்குத் தலைவி, நயினாரின் துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றவள், தானும் ஒரு தடவை உருவினாள். கீழ்க்கோட்டுக்கு மேலே நகக்கண் அளவு. வேன்காரம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து உருவியபோது குச்சி கழுவிவைத்த கரண்டியாகப் பளபளவென்று வந்தது, ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"தாளிக்கக்கூட இல்லையே தோழர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்கு ஆள் அடையாளம் தெரிகிறது என்று தொம்மை சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஃபில்டர் இந்தப் பழைய இன்ஜினுக்குப் பொருந்தவில்லை, டவுனில் சொல்லிவைக்கிறேன் என்று டீ குடிக்கப் போனான்.

ஃபில்டர் வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில்தான் எல்லாம் நடந்தது.

வேடிக்கைக்கு உருவிக் குச்சி நுனியில் ஒற்றைச் சொட்டு மட்டும் பார்த்த மடைக்காரப் பொன்னையா நாலாம் நாள் உப்புக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே முடிந்துபோனார். யாரும் அதிசயப்படவில்லை, குச்சி காட்டுவது அவரவர் மிச்ச ஆயுளை என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் வண்டிக்கு முன்னால் நாற்பது பேர், ரேஷன் கடைக்கு நிற்பதுபோல, ஆளுக்கொரு துடைக்கும் துணியோடு நின்றார்கள். ஒரு சொட்டுகூட இல்லாத வேன்காரம்மா எப்படி நடமாடுகிறாள் என்று ஒருத்தி கேட்டதற்கு, அவள் இந்த ஊர்க்காரி இல்லையே, குச்சிக்கு அவளைத் தெரியாது என்று இன்னொருத்தி சொன்னாள். முப்பத்துநாலு வருடம் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியவளைப் பற்றித்தான் சொன்னாள். அது போதுமான விளக்கமாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிடுவதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டியடிக்கு அழைத்துவந்தார்கள். குழாயடியில் கீழ்க்கோட்டுப் பெண்களுக்கு முதல் குடம் விட்டுக்கொடுக்கப்பட்டது, பஸ்ஸில் அவர்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, மேல்கோட்டுப் பிள்ளைகளை டீச்சர் அடிக்கப் பயந்தாள். சர்ச் சாமியாரும் அம்மன் கோவில் பூசாரியும் தனித்தனியாக வந்து உருவிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு நின்றது, அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் வழியில் கண்டால் நின்று உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். பிறகு கம்பெனி கணக்கப்பிள்ளை ஒரு நீள நோட்டோடு, செருப்பை வண்டிப்படிக்குக் கீழே கழற்றிவிட்டு, மிகுந்த மரியாதையாக வந்து உட்கார்ந்து, இருநூற்றுப் பதினேழு பேரின் அளவையும் எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் மேல்கோட்டுக்காரர்களுக்கு வருடம் முழுக்க வேலை, நடுவில் நின்றவர்களுக்குப் பருவத்தில் மட்டும் வேலை, கீழ்க்கோட்டுக்காரர்களுக்குக் கூப்பிட்டால் வேலை என்று ஆயிற்று.

நயினார் குச்சியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். கைக்குழந்தையோடு நாலு தாய்மார் படியில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பகல் முழுக்க. சாயங்காலம் வேன்காரம்மா சாவியை எடுத்துத் திறந்து கொடுத்துவிட்டாள். அவர் துண்டறிக்கை போட்டார்: இரும்புக் குச்சிக்கு மனித ஆயுள் தெரியுமா, சிந்திப்பீர். ஆயிரம் காப்பி. ஜனங்கள் ஒரு வரி விடாமல் படித்தார்கள், நன்றாக எழுதியிருக்கிறார் என்றார்கள், பிறகு அதாலேயே குச்சியைத் துடைத்தார்கள், ஏனென்றால் அந்தக் காகிதம் எண்ணெயை நன்றாக உறிஞ்சியது.

அவரைக் கீழே தள்ளியது டீக்கடைதான். எழுபத்தெட்டில் இதே கடையில் தனி கிளாஸ், தனி பெஞ்சு இருந்ததற்காக அவர் கம்பெடுத்து, தலையில் மூன்று தையலோடு ஜெயிலுக்குப் போனவர். இப்போது பங்குனி வெயிலில் கடைக்கு வெளியே புதிதாக ஒரு பெஞ்சு கிடந்தது, அதில் கீழ்க்கோட்டுக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவர் பெஞ்சைத் தூக்கி எறியப் போனார். செல்லக்கனி அதில்தான் இருந்தாள்.

"எங்கள யாரும் வெளிய உக்காரச் சொல்லல அண்ணாச்சி. நாங்களாத்தான் உக்காந்திருக்கோம். உள்ள பிள்ளைய இருக்கு, எங்க காத்துப் படாண்டாம்னு."

அவளே சொன்ன பிறகு அந்தப் பெஞ்சை எந்தக் கம்பால் அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தார்.

அந்தப் பங்குனியில்தான் வேன்காரம்மாவின் குரல் நூலாகத் தேய்ந்தது. சளி என்றார்கள், உப்புக்காற்று என்றார்கள். நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் தொண்டையில் கட்டி என்றார்கள். முப்பது நாள் கதிர்வீச்சு, ஊர்ப்பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும், ஞாயிறு நீங்கலாகத் தினமும். சித்திரை நாலாந்தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் தடவை, அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வர இரண்டு மாதம் ஆகும். இந்தக் கட்டிக்கு இரண்டு மாதம் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். போக வர பஸ்ஸில் நாலு மணி நேரம். கரண்ட் வைத்த உடம்போடு அது ஆகாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுப்பவர்களின் நடுவில் படுக்க இடம் பிடிக்க அவளால் ஆகாது. ஆனால் ஆஸ்பத்திரி மதிலோரம் வண்டியை நிறுத்திக்கொண்டால் அவளுக்கு அவள் படுக்கை உண்டு, அவள் அடுப்பு உண்டு, அவரே கஞ்சி வைத்துக் கொடுப்பார். தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு பழைய வண்டி கையில் இருப்பதை நயினார் அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

அதற்கு முந்தின புதன்கிழமை தொம்மை ஃபில்டரோடும் புது எண்ணெய் டின்னோடும் வந்து, பழைய எண்ணெயை விரலில் தொட்டு நூல் இழுத்துப் பார்த்தான். இதை வைத்து இருபது கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், மாற்றாமல் எடுக்கவே கூடாது என்றான். இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, எண்ணெய் இளகியதும் அடியில் உள்ள நட்டைக் கழற்றச் சட்டியோடு குனிந்தான். அங்கே ஏற்கெனவே நாலு பெண்கள் வண்டிக்கடியில் நட்டைச் சுற்றிப் படுத்திருந்தார்கள்.

வெளியே ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. எண்ணெய்ப் பாதுகாப்புக் குழு என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்து நயினார் சொல்லிக்கொடுத்த எழுத்து, மேலே பெரிதாகவும் கீழே சிறிதாகவும். நாலு மணி நேரத்துக்கு எட்டுப் பேர் என்று முறை வைத்து உட்கார்ந்தார்கள். அந்த முறையும் வேலைநிறுத்தத்தில் அவர் போட்டுக் கொடுத்ததுதான். தலைவி செல்லக்கனி எழுந்து, தங்கள் உயிர் அந்த எண்ணெயில் இருக்கிறது, அதைச் சட்டியில் கொட்டச் சம்மதிக்க முடியாது, வேன்காரம்மாவைத் தாங்கள் தோளில் வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயார், தினமும், முப்பது நாளும் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடியவர்கள் என்பது நயினாருக்குத் தெரியும், அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

தொம்மை அவர் காதருகே வந்தான். இந்த அளவெல்லாம் பொய், அண்ணாச்சி என்றான். எண்ணெய் பார்க்க வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இது எந்தக் கிளீனருக்கும் தெரியும், ஆறு வருடமாகச் சாய்ந்து நிற்கும் வண்டியில் குச்சி எப்படி நிஜம் சொல்லும்.

நயினாருக்கு இருபது வயது குறைந்தது. வண்டிப்படியில் ஏறி நின்று, மைக் இல்லாமலே, வேலியிலிருந்து தொடங்கி ஆறு அநியாயத்தையும் வரிசையாகச் சொல்லி, இந்த மேல்கோடும் கீழ்க்கோடும் மேட்டில் ஏறி நிற்கும் ஒரு சக்கரத்தின் வேலை என்றும், சாய்ந்த இடத்தில் நின்று அளந்த எந்த அளவையும் தொழிலாளி ஒப்புக்கொள்ளக்கூடாது என்றும், சர்வேயரின் சங்கிலியை மறந்துவிட்டீர்களா என்றும் கேட்டு முடித்தார். வருடக்கணக்காக அவர் அப்படிப் பேசியதில்லை. கூட்டம் அசையாமல் கேட்டது.

செல்லக்கனி யோசித்தாள். "அப்ப வண்டியச் சமமா நிறுத்தினா எங்க அளவு மாறிப்போகும்?"

"மாறும்" என்றார் நயினார்.

"கூடுமா, குறையுமா?"

அவர் தொம்மையைப் பார்த்தார். தொம்மை யோக்கியன். "அது நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றான்.

நகக்கண் அளவு வைத்திருந்த செல்லக்கனி தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே, எல்லோரும் இந்தச் சாய்வில்தான் அளக்கப்பட்டிருப்பதால் சாய்வு மாறக்கூடாது, சக்கரம் மேட்டை விட்டு இறங்கக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கருங்கல் கொண்டுவந்து அடைத்தார்கள். சட்டியில் எண்ணெய் கொட்டுவதை மட்டும் எதிர்த்தவர்கள் இப்போது வண்டி நகர்வதையே எதிர்த்தார்கள், அவர் பேசிய பேச்சினால்.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. நயினார் தாசில்தாருக்கு எழுத உட்கார்ந்து, பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளை மடித்து வைத்தார். சனிக்கிழமை வேன்காரம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. அவள் மேல்படுக்கையில் ஏற முடியாததால் அவர் மேலே படுத்து, கீழே அவள் மூச்சு ஏறுவதையும் வெளியே முறை மாறும்போது பெண்கள் ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் அவளுக்காக ரசம் வைத்துக் கொண்டுவந்து படியில் வைத்தார்கள். கல்லை மட்டும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழு கூடி, இரக்கப்பட்டு, ஒரு வழி கண்டது. எண்ணெயை இறக்கலாம், இறக்கும் எண்ணெயைக் கணக்கப்பிள்ளை நோட்டில் உள்ள அளவுப்படி இருநூற்றுப் பதினேழு பேரும் பங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், வண்டி போகலாம். ஆனால் உயிர் இன்ஜினுக்குள் இருப்பதுபோல பாட்டிலுக்குள் இருக்குமா என்று யாருக்கும் தெரியாததால், நாற்பத்தொரு நாளுக்குள் ஊரில் யார் செத்தாலும் அதற்குக் காரணம் நான் என்று ஒருவர் எழுதிக்கொடுக்க வேண்டும். ஊரில் சாவு எழுதிவைக்கும் நோட்டில், காரணம் என்ற கட்டத்தில், அந்தப் பெயர் எழுதப்படும்.

ஊரில் ஒற்றைச் சொட்டோடு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி ஒரு மாதம் ஆகிறது. நாற்பத்தொரு நாளுக்குள் ஒரு சாவு வரத்தான் போகிறது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

"என் பேரை எழுது" என்றார் நயினார்.

"உங்க பேரு செல்லாது அண்ணாச்சி." செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். "உங்களுக்கு மேல்கோட்டுக்கும் மேல நிக்கி. எங்க உசிரக் கொட்டிட்டு உங்க மிச்சத்தோட வண்டியேறிப் போனீயன்னு நாளைக்குப் பேச்சு வரும். இதுல லாபம் உள்ளவன் கையெழுத்துப் போடப்பிடாதுன்னு நீங்கதான சொல்லித் தந்திய, அந்த ஃபேன் சுத்தின ரூமு விஷயத்துல."

அவருக்குத் தெரிந்த பதில்கள் எல்லாமே அவள் பக்கத்தில் இருந்தன. தொம்மை எழுதட்டும் என்றார். தொம்மைக்கும் எண்ணெயில் பங்கு இருந்தது. சாமியாருக்கும் பங்கு, பூசாரிக்கும் பங்கு, கணக்கப்பிள்ளைக்கும் பங்கு. எண்ணெயில் ஒன்றுமே இல்லாதவர் யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் வண்டிக்கதவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. வேன்காரம்மா சாய்வுக்குப் பழகிய காலால் படியைத் தடவி இறங்கி வந்து, செல்லக்கனியின் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டுக்குக் கை நீட்டினாள்.

"வேண்டாம் ஏளா" என்றார் நயினார். "நீ திரும்பி வரும்போது அந்த நோட்டுல உன் பேரு இருக்கும். ஒவ்வொரு சாவுக்கும்."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. திரும்பி வருவேன் என்கிறீர்களே தோழர் என்று சொன்னதாக அவருக்குப் பட்டது. பிறகு ஸ்பேனரைக் காட்டி, வண்டிக்கடியைக் காட்டினாள்.

தொம்மை இன்ஜினைச் சூடுபண்ணினான். வண்டிக்கடியில் படுத்திருந்த பெண்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து இடம் விட்டார்கள். நட்டைத் தானே கழற்றுவதாகச் சொல்லி நயினார் மல்லாந்து உள்ளே போனார். வேறு எதுவும் அவர் செய்வதற்கு இல்லை. தலைக்கு மேலே சூடான இரும்பும், பக்கவாட்டில் ஊரின் கால்களும் தெரிந்தன. பாட்டில், சம்புடம், தூக்குவாளி, மருந்துக்குப்பி என்று ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள், அளவு வரிசையில். சாட்சிகள் ஏழு பேர் முன்னால் வந்தார்கள். பெயர் வாசித்த பிறகே நட்டைத் திருப்ப வேண்டும் என்பது குழுவின் கடைசி நிபந்தனை. அவர் ஸ்பேனரை நட்டில் பொருத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

செல்லக்கனி எழுதும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மைனி, உங்க பேரு என்ன?"

எழுதிக்கொடுக்க ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நயினார் மனைவி என்று போடு என்ற வார்த்தை வண்டிக்கடியிலிருந்த அவருடைய நாக்கு நுனிவரை தானாக வந்து நின்றது. இத்தனை வருடத் துண்டறிக்கைகளில் அவள் ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, உருட்டி எடுத்த ஒவ்வொரு தாளின் அடியிலும் இருந்தது அவருடைய பெயர் மட்டும்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வேன்காரம்மா செல்லக்கனியின் தலையைத் தன் பக்கம் இழுத்துக் காதில் சொல்வது, அவரிருந்த இடத்திலிருந்து, இரண்டு நிழல்கள் ஒட்டுவதாகத் தெரிந்தது. பேனா மறுபடி ஓடியது. செல்லக்கனி எழுந்து நின்றாள். கூட்டத்தில் எப்படி வாசிக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்தபடியே, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, ஏழு சாட்சிகளின் முன்னால் வாசித்தாள்:

"இன்று முதல் நாற்பத்தொரு நாளுக்குள் சிப்பிமேட்டில் யாருக்கு எந்தச் சாவு வந்தாலும், அதற்கு நானே காரணம், வேறு ஒருவரும் காரணம் இல்லை என்று, எண்ணெயில் பங்கு ஏதுமில்லாத நான், என் சுயபுத்தியோடு எழுதிக்கொடுத்தேன். இப்படிக்கு, கடற்கரைத் தெருக் குருசு மகள் சலேத்."